ஒன்பது வயதுக் குழந்தையும் ஏழெட்டுக் கோட்பாடுகளும்

வளர்ச்சி உளவியல் படிப்பவர்கள் எழுதும் குழந்தை ஆய்வுக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "குழந்தைக்கு வயது 9. எனவே கண்கூடாகப் பார்ப்பதை வைத்துச் சிந்திக்கும் நிலையில் இருக்கிறாள் என்பது பியாஜேயின் கருத்து. எரிக்சன் கூற்றுப்படி முனைப்புக்கும் தாழ்வு மனப்பான்மைக்கும் இடையிலான கட்டம். கோல்பர்க் கூற்றுப்படி..." என்று போகும். (மூவரும் மனித வளர்ச்சியைப் படிநிலைகளாக விளக்கிய உளவியலாளர்கள்.) இதில் அந்தக் குழந்தை எங்கே? வயதைத் தவிர அவளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெயரை அடித்துவிட்டு இன்னொரு குழந்தையின் பெயரை எழுதினாலும் குறிப்பு அப்படியே பொருந்தும்.

கோட்பாட்டைக் குழந்தைமேல் பொருத்துவது என்றால், அதை வைத்து அவளிடம் ஒரு கேள்வி கேட்பது. அந்தக் கேள்விக்குக் குறைந்தது இரண்டு விடைகளுக்கு இடமிருக்க வேண்டும். இந்த விடை வந்தால் நாளைக்கு இதைச் செய்வேன், அந்த விடை வந்தால் வேறொன்றைச் செய்வேன் என்று சொல்ல முடிய வேண்டும். எந்த விடை வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றேதான் என்றால், அந்தக் கோட்பாடு இந்தக் குழந்தைக்குத் தேவைப்படவில்லை என்று விட்டுவிடலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பின்குழந்தைப் பருவத்துக்கு இது இன்னும் முக்கியம். வெளியிலிருந்து பார்த்தால் இது அமைதியான பருவம்: ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. உயரம், 2 முதல் 3 கிலோ எடை, நடுவில் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். நினைவு, தர்க்கம், தன்னைப் பற்றிய மதிப்பீடு, நட்பு எல்லாம் உள்ளே ஒரே நேரத்தில் உருமாறிக்கொண்டிருக்கும்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 9. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஓரளவு நன்றாகவே போட்டவள், பின்னங்கள் வந்த பிறகு கணக்கு நோட்டைத் திறக்கவே மறுக்கிறாள். "எனக்குக் கணக்கே வராது" என்கிறாள். ஆசிரியர் நாலு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையை முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறாள். போன வாரம் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, தானே போட்டதாகச் சொன்னாள். அதே குழந்தை பலகை விளையாட்டுகளில் விதிகளை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறாள். மற்றவர்களின் புள்ளிக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறாள்.

முதலில் பார்த்து எழுத வேண்டும். குறைந்தது மூன்று வெவ்வேறு சூழல்களில், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம்: அவளுக்குக் கடினமான பாடவேளை, அவளுக்குப் பிடித்த செயல், மற்ற குழந்தைகளோடு கட்டற்ற விளையாட்டு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பின்னால் என்ன நடந்தது என்று மூன்று பத்தி. "சோம்பலாக இருந்தாள்" என்பது குறிப்பு அல்ல, தீர்ப்பு. "கேள்வியைப் படித்தாள், பென்சிலைச் சீவினாள், மறுபடி சீவினாள், மூன்று நிமிடம் கழித்து ஆசிரியர் அருகே வந்ததும் முதல் வரியை எழுதினாள்" என்பதுதான் குறிப்பு. மூன்றாவது பத்தியைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். ஆனால் அழுததும் கணக்கிலிருந்து விடுதலை கிடைத்ததா, ஆசிரியர் உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுக் கொடுத்தாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

பியாஜேயை எங்கே பயன்படுத்துவது

ஏழிலிருந்து பதினொன்று வரையிலான நிலைக்குப் பியாஜே கொடுத்த அடையாளம், குழந்தை தன் மனத்துக்குள் ஒரு செயலைச் செய்து பார்த்து, அதைத் திருப்பியும் செய்து பார்க்க முடிவது. களிமண் உருண்டைச் சோதனையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. இரண்டு உருண்டைகளைக் கொடுத்து, இரண்டிலும் களிமண் ஒரே அளவா என்று முதலில் குழந்தையே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவளே கிள்ளிச் சேர்த்துச் சரிசெய்யட்டும். பிறகு அவள் கண் முன்னாலேயே ஒன்றை நீளமாக உருட்டி, "இப்போது இதில் அதிகமா, அதில் அதிகமா, இரண்டிலும் ஒன்றேயா?" என்று மூன்று வாய்ப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விடை வந்ததும் "எப்படித் தெரியும்?" என்ற கேள்விதான் சோதனையின் உயிர். "எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை" என்பது ஒருவகைக் காரணம். "மறுபடி உருட்டினால் பழையபடி ஆகிவிடும்" என்பது இன்னொன்று. "நீளம் கூடியது, ஆனால் தடிமன் குறைந்தது" என்பது மூன்றாவது. கடைசியாக ஒரு மறுப்பு: "நேற்று ஒரு குழந்தை நீளமாக இருப்பதில்தான் அதிகம் என்று சொன்னாள், நீ என்ன நினைக்கிறாய்?" உறுதியாகப் புரிந்துகொண்ட குழந்தை அசைய மாட்டாள். இரண்டு மனமாக இருப்பவள் உடனே மாறிவிடுவாள்.

இந்தச் சோதனையில் தவறு நடக்கும் இடமும் நன்றாகத் தெரிந்ததுதான். பெரியவர் ஒரே கேள்வியை உருட்டுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு முறை கேட்டால், முதல் விடை தவறு போலிருக்கிறது என்று குழந்தை நினைத்து மாற்றிச் சொல்கிறாள். ரோஸும் பிளாங்கும் 1974-இல் முதல் கேள்வியை விட்டுவிட்டு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது ஆறு வயதுக் குழந்தைகளின் தவறுகள் குறைந்தன. அதே ஆண்டு மெக்காரிகலும் டொனால்ட்சனும், வரிசையாக அடுக்கிய பொருட்களைப் பெரியவர் வேண்டுமென்றே கலைக்காமல் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை தற்செயலாகக் கலைப்பதுபோல் செய்தார்கள். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளில் சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை வெகுவாக ஏறியது. ஆகவே "தெரியவில்லை" என்று எழுதும் முன், கேள்வி கேட்ட விதத்தை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பியாஜேயின் நிலையை ஒரு மாடிப்படி மாதிரி எண்ணிக்கொள்வது இன்னொரு தவறு. அடுக்கோ வடிவமோ மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பதை ஆறு ஏழு வயதில் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, எடை மாறாது என்பது ஒன்பது பத்து வயதில்தான் வரும். நீரில் மூழ்கிய பொருளின் கன அளவு பற்றியது இன்னும் தள்ளி, பதினொன்று வாக்கில். தர்க்கம் ஒன்றேதான், பொருளுக்குப் பொருள் அது வரும் காலம் வேறு. பியாஜேயே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். ஆக, ஒன்பது வயதுக் குழந்தை ஒரு விஷயத்தில் தேர்ந்தவளாகவும் இன்னொன்றில் ஏழு வயதுக்காரி போலவும் தெரிவதில் வியப்பில்லை. கூட்டல் கணக்குப் போடும் வழிகளை ஆராய்ந்த ராபர்ட் சீக்லர் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒரே குழந்தை ஒரே வாரத்தில், சில கணக்கை விரல்விட்டு எண்ணியும், சிலவற்றைப் பெரிய எண்ணிலிருந்து தொடங்கி எண்ணியும், சிலவற்றை நினைவிலிருந்து எடுத்தும் போடுகிறாள். புதிய வழி வந்துவிட்டதால் பழைய வழி மறைந்துவிடுவதில்லை.

இப்போது நம் குழந்தைக்கு வருவோம். நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் அவள் எட்டில் ஒன்று என்கிறாள். காரணம் கேட்டால் "எட்டு பெரிசு". முழு எண்களில் நான்கு ஆண்டு பழகிய பழக்கம் பின்னத்தில் வந்து குறுக்கே நிற்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு துண்டின் அளவு குறையும் என்பது, களிமண்ணில் நீளம் கூடினால் தடிமன் குறையும் என்ற அதே ஈடுகட்டும் சிந்தனை. இங்கேதான் பியாஜே நமக்கு உண்மையிலேயே உதவுகிறார்.

24 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை அவளையே இரண்டு முறை பாதியாக மடிக்கச் சொல்லுங்கள், 6 செ.மீ. துண்டுகள் நான்கு வரும். மூன்றாவதை மூன்று முறை, 3 செ.மீ. துண்டுகள் எட்டு. மடிக்கும் முன்னாலேயே, "இன்னொரு முறை மடித்தால் துண்டு பெரிசாகுமா, சின்னதாகுமா?" என்று கேட்டு, விடையை எழுதிவைத்துக்கொண்டு பிறகு மடிக்கவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னது சரியாக வந்து, காகிதத்தில் எழுதிய எண்களைப் பார்க்கும்போது மட்டும் தடுமாறினால், கருத்து அவளிடம் இருக்கிறது. எழுத்துக் குறியீடுதான் இடறுகிறது. அப்போது செய்ய வேண்டியது, பட்டையையும் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மடிப்புக்கும் அவளையே எழுதவைப்பது. மடிப்பதற்கு முன் சொன்னதும் தவறாக வந்தால், குறியீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிரிப்பது, மடிப்பது, அளந்து ஒப்பிடுவது என்று சில நாள் கையால் செய்யும் வேலையிலேயே நிற்க வேண்டும். ஒரே தவறுக்கு இரண்டு வெவ்வேறு மருந்து. வயதை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

பின்னத்தில் பகுதியும் முழுமையும் புரிகிறதா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உதவும். 7 சிவப்பு மணி, 3 நீல மணி, எல்லாம் மரத்தால் ஆனவை. "சிவப்பு மணி அதிகமா, மர மணி அதிகமா?" முழுமையையும் பகுதியையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க முடியாத குழந்தை "சிவப்பு" என்பாள். ஒன்பது வயதில் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லையென்றால், பத்தில் ஏழு என்று எழுதுவது அவளுக்கு வெறும் இரண்டு எண்களாகத்தான் இருக்கும்.

நினைவு பற்றிய கேள்வி

நாலு வேலை சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுகிறாள் என்பதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுவது சுலபம். இதற்குப் பியாஜே உதவ மாட்டார். தகவலைக் கையாளும் முறையை ஆராய்ந்தவர்களிடம்தான் போக வேண்டும். ஏழு வயதில் சராசரியாக ஐந்து இலக்கங்கள் வரைதான் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல முடிகிறது. பெரியவர்களுக்கு ஏழு வாக்கில். அந்தச் சிறிய இடத்துக்குள்தான் ஆசிரியரின் நாலு கட்டளையும் அடங்க வேண்டும்.

ஃபிளேவெலும் அவருடைய குழுவினரும் 1966-இல் செய்த ஆய்வு இங்கே பொருந்தும். படங்களைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, குழந்தைகளின் உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவரைக் கவனிக்கவைத்தார்கள். ஐந்து வயதில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில்தான் பெயர்களைத் தமக்குள் சொல்லிப் பார்த்தார்கள். ஏழு வயதில் 60 சதவீதம். பத்து வயதில் 85 சதவீதம். அடுத்த ஆண்டு வெளிவந்த தொடர் ஆய்வில், சொல்லிப் பார்க்காத குழந்தைகளிடம் "சொல்லிக்கொண்டே இரு" என்று சொன்னபோது அவர்களுடைய நினைவும் மேம்பட்டது. ஆனால் கட்டாயத்தை எடுத்துவிட்டதும் பலர் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். திறமை இருந்தது, தானாக எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் வரவில்லை. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற எண்ணம் இந்த வயதில் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

கேள்வியை இப்படி வைக்கலாம்: கணக்கோடு தொடர்பே இல்லாத நாலு வேலையைச் சொன்னாலும் தடுமாறுகிறாளா? "நீலப் பென்சிலை எடு, புத்தகத்துக்கு அடியில் வை, கத்தரிக்கோலைக் கொண்டுவா, கதவைச் சாத்து." இதையும் பாதியில் விட்டால் சுமை நினைவில்தான். அப்போது கட்டளைகளை இரண்டிரண்டாகப் பிரிப்பது, பலகையில் எழுதிவைப்பது, தொடங்கும் முன் அவளையே திருப்பிச் சொல்லவைப்பது. இதைத் தடையின்றிச் செய்துவிட்டால் பிரச்சினை நினைவில் இல்லை. கணக்கு நோட்டை எட்டப்போடத்தான் சுற்றிலும் பார்க்கிறாள்.

விளையாட்டு விதிகளை மட்டும் எப்படி நினைவில் வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. மிஷெலின் சீ 1978-இல், சதுரங்கம் நன்றாக ஆடத் தெரிந்த, சராசரியாகப் பத்து வயதுக் குழந்தைகளையும் சதுரங்கத்தில் அவ்வளவு தேர்ச்சியில்லாத பெரியவர்களையும் ஒப்பிட்டார். காய்கள் நின்ற இடங்களை நினைவிலிருந்து அடுக்குவதில் குழந்தைகள் முந்தினார்கள். இலக்கங்களைத் திருப்பிச் சொல்வதில் பெரியவர்கள் முந்தினார்கள். நன்றாகத் தெரிந்த துறையில் நினைவு பெரிதாகத் தெரியும். "விளையாட்டில் மட்டும் நினைவிருக்கிறதே, பாடத்தில் ஏன் இல்லை" என்று குழந்தையைக் கேட்பது நியாயமில்லை.

உதவியை அளந்து கொடுப்பது

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தைப் பற்றி எழுதாத மாணவர் கிடையாது; அதை அளந்து எழுதியவரும் அதிகம் கிடையாது. தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள தூரம் அது என்றால், அந்தத் தூரத்தைக் காட்ட நாம் கொடுக்கும் துணையைப் படி பிரித்து எழுதியாக வேண்டும். ஒரு பின்னக் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் படி: ஒன்றும் சொல்லாமல் இருபது நொடி காத்திருத்தல். இரண்டாவது: "என்ன கேட்டிருக்கிறார்கள், உன் வார்த்தையில் சொல்லு." மூன்றாவது: கவனிக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டுதல். நான்காவது: காகிதப் பட்டையைக் கையில் கொடுத்தல். ஐந்தாவது: இதே மாதிரி வேறொரு கணக்கை அவள் முன்னால் போட்டுக் காட்டுதல். ஆறாவது: சேர்ந்து போடுதல்.

எந்தப் படியில் விடை வந்தது என்பதை ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் எண்ணாகக் குறியுங்கள். தோற்றால் உதவியை ஒரு படி கூட்டு, ஜெயித்தால் ஒரு படி குறை என்பது டேவிட் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மரத் துண்டுகளைக் கோபுரமாக அடுக்கும் வேலையில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்துச் சொன்ன விதி. இப்படி அளந்து கொடுத்து விலக்கிக்கொள்ளும் உதவிக்கு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் என்ற உருவகத்தை வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் கொண்டுவந்தார்கள். வைகாட்ஸ்கி இறந்தது 1934-இல். இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுவது பாடக்குறிப்புகளில் பரவிவிட்ட பிழை.

பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, முதல் படியிலிருந்து நேராக ஆறாவதுக்குத் தாவுவது. குழந்தை மௌனமாக இருக்கும் இருபது நொடி பெரியவர்களுக்கு ஒரு யுகம். இன்னொரு தவறு, நான்காவது படியில் கிடைத்த வெற்றியில் மகிழ்ந்து பட்டையை எடுக்காமலே விட்டுவிடுவது. ஒரு வாரத்தில் எண்கள் ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று, மூன்று, இரண்டு என்று இறங்கினால் குழந்தை நகர்கிறாள். ஐந்திலேயே நின்றால் கணக்கு அவள் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. எளிய கணக்குக்கு இறங்க வேண்டும். மறுநாள் உதவியின்றி இரண்டு கணக்குகளைக் கொடுத்துப் பார்க்காமல் "கற்றுக்கொண்டாள்" என்று எழுதக் கூடாது.

கணக்குப் போடும்போது அவள் தனக்குள் முணுமுணுத்தால் "வாயை மூடிக்கொண்டு போடு" என்று அடக்காதீர்கள். தன்னை வழிநடத்தத் தானே பேசிக்கொள்ளும் பேச்சு முன்குழந்தைப் பருவத்தில் சத்தமாகத் தொடங்கி, இந்த வயதில் முணுமுணுப்பாகி, மெல்ல உள்ளே போய்விடும். வேலை கடினமானால் மறுபடி வெளியே வரும். முணுமுணுப்பு கூடியிருக்கிறது என்றால் அவள் முயல்கிறாள் என்று பொருள்.

"எனக்குக் கணக்கே வராது"

எரிக்சன் இந்தப் பருவத்துக்குச் சொன்ன போராட்டம் முனைப்புக்கும் தாழ்வு மனப்பான்மைக்கும் இடையிலானது: தன் கையால் ஒன்றைச் செய்து முடித்து, அதை மற்றவர்கள் மதிக்கக் கண்டு, "என்னால் முடியும்" என்ற உணர்வைப் பெறுவது. சரியான விவரிப்புதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று கேட்டால் எரிக்சனிடம் பதில் குறைவு. அவருடைய கட்டம் அகலமானது; எந்த ஒன்பது வயதுக்கும் பொருந்தும். அவரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு வேலைக்கு மற்றவர்களை அழைப்பதே உசிதம்.

முதலில் சூசன் ஹார்ட்டர். இந்த வயதுக் குழந்தை தன்னை ஒரே மொத்தமாக மதிப்பிடுவதில்லை. படிப்பு, நண்பர்களிடம் ஏற்பு, விளையாட்டுத் திறன், தோற்றம், நடத்தை என்று தனித்தனியாக மதிப்பிடுகிறாள். எட்டு வயது வாக்கில்தான் இவற்றுக்கு மேல் "நான் மொத்தத்தில் எப்படிப்பட்டவள்" என்ற எண்ணமும் சேர்கிறது. ஏழு எட்டு வயதிலிருந்து மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னை எடைபோடுவதும் தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதில் எல்லாக் குழந்தையும் "நான்தான் முதல்" என்று சொன்னது இப்போது வராது. ஆக, கேட்க வேண்டியது: அவள் வராது என்பது பின்னம் மட்டுமா, கணக்கு முழுவதுமா, இல்லை தன்னால் எதுவுமே முடியாது என்பதா? "உன்னால் நன்றாகச் செய்ய முடிவது எது?" என்று கேட்டால் ஓவியம், விளையாட்டு என்று உடனே வரிசையாகச் சொன்னால் காயம் கணக்கோடு நிற்கிறது. "ஒன்றுமில்லை" என்றால் பின்னத்தைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது.

அடுத்து பாண்டூரா. தன்திறன் நம்பிக்கைக்கு 1977-இல் அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைக் கண்டது, பிறர் சொன்ன ஊக்கச்சொல், உடல் தரும் பதற்றமோ அமைதியோ. இவற்றில் வலுவானது முதலாவது. நாம் அதிகம் செலவழிப்பது மூன்றாவதில். "உன்னால் முடியும் கண்ணு" என்று பத்து முறை சொல்வதைவிட, பத்துக் கணக்கில் குறைந்தது ஏழெட்டு அவள் தானாகவே போடக்கூடியதாகத் தாளை அமைப்பது பயன் தரும். பத்தும் எளிதாக இருந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். சிறு குழந்தைக் கணக்கு கொடுத்தார்கள் என்பதே இன்னொரு அவமானமாகிவிடும். இரண்டாவது ஊற்றுக்கு டேல் ஷங்க்கும் அவருடைய குழுவினரும் 1980-களில் கணக்கில் பின்தங்கிய குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் துணை: தடுமாறி, திருத்திக்கொண்டு, கடைசியில் போட்டு முடிக்கும் சக குழந்தையைப் பார்ப்பது, தடுமாறாமல் போடுபவரைப் பார்ப்பதைவிட உதவியது. வகுப்பின் முதல் மாணவியை அவள் பக்கத்தில் உட்காரவைக்கும் வழக்கம் ஏன் பல நேரம் எதிர்மறையாகப் போகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பாராட்டு விஷயத்தில் மியூலரும் டுவெக்கும் 1998-இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் கண்டது பலருக்கும் தெரியும். புதிர் சரியாகப் போட்டதும் "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிரில் தோற்ற பிறகு, "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்களைவிடச் சீக்கிரம் துவண்டார்கள். அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளில் திறமை முயற்சியால் வளரும் என்று குழந்தைகளை நம்பவைக்கும் மனப்போக்குப் பயிற்சிகளின் பலன் சிறியதாகவே தெரிந்திருக்கிறது. ஆகவே பாராட்டை மாற்றுவது நல்லது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. முயற்சியைப் பாராட்டுவதிலும் ஒரு பொறி உண்டு: தவறான வழியில் முப்பது நிமிடம் மல்லுக்கட்டியவளிடம் "நன்றாக முயன்றாய்" என்றால் அவளுக்கு அதில் தகவல் ஒன்றுமில்லை. "பட்டையை மடித்துப் பார்த்த பிறகு விடையை மாற்றினாயே, அது நல்ல வேலை" என்பதில் இருக்கிறது.

நோட்டைப் பார்த்து எழுதியது

உடனே அற வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்த கோல்பர்க்கை இழுத்து "மரபுக்கு முந்தைய நிலை, தண்டனைக்குப் பயம்" என்று எழுதிவிடுவார்கள். கோல்பர்க் 1958-இல் தன் ஆய்வைச் சிறுவர்களை மட்டும் வைத்து, பத்து, பதின்மூன்று, பதினாறு வயதுகளில் செய்தார். அவர் அளந்தது, சாகும் நிலையில் உள்ள மனைவிக்காக மருந்து திருடுவது சரியா என்பது போன்ற சிக்கலில் அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை. ஒரு குழந்தை நேற்று என்ன செய்தாள் என்பதை வைத்து அவளை அவருடைய படியில் நிறுத்த முடியாது. பார்த்து எழுதியது தப்பு என்று நம் குழந்தைக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். எலியட் துரியேலின் ஆய்வுகள் காட்டியபடி, பிறருக்குத் தீங்கு செய்வது வேறு, வகுப்பு விதியை மீறுவது வேறு என்று சின்னக் குழந்தைகளே பிரித்துப் பார்க்கிறார்கள். "ஆசிரியர் பார்த்து எழுதலாம் என்று சொல்லியிருந்தால் சரியா?" "அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியும் நோட்டை எடுத்திருந்தால்?" என்று இரண்டு கேள்வி கேட்டால் அவள் பிரித்துப் பார்க்கிறாளா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் தெரியவருவது: அறம் பற்றிய குழப்பம் இல்லை, தோல்வி வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம்தான். அப்படியானால் இதை ஒழுக்கத் தலைப்பிலிருந்து எடுத்து முந்தைய பகுதியில் சேர்த்துவிட வேண்டும்.

நட்பு வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காய், டாட்ஜ், கொப்போடெல்லி 1982-இல் குழந்தைகளை, சக மாணவர்கள் விரும்பும், ஒதுக்கும், கண்டுகொள்ளாத, சிலர் விரும்பிச் சிலர் வெறுக்கும், சராசரியான என்று ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஒதுக்கப்படுவதும் கண்டுகொள்ளப்படாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள வகுப்பில் எழுந்து நின்று "யாரைப் பிடிக்காது?" என்று கேட்கும் விபரீதத்தைச் செய்யாதீர்கள். நாலைந்து நாள் இடைவேளையில் யாரோடு இருக்கிறாள், யார் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்தாலே போதும். ஒரே ஒரு நல்ல தோழி இருந்தாலும் நிலைமை வேறு.

வட்டங்கள் வரைவது

குழந்தையின் சூழலை ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களாகக் காட்டிய பிரான்ஃபென்பிரென்னரின் வட்டங்களை வரைந்து, வீடு, பள்ளி, ஊடகம், பண்பாடு என்று நிரப்புவது படம் வரையும் பயிற்சியாகவே முடிந்துவிடுகிறது. நடைமுறையில் அதிகம் பயன்படுவது இரண்டாவது வட்டம். அதாவது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நடப்பது. பள்ளியில் பின்னங்களைப் படம் வரைந்து ஒப்பிடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டில் பெரியவர் "இதெல்லாம் எதற்கு, குறுக்கே பெருக்கு" என்று தான் படித்த வழியைத் திணிக்கிறார். இரண்டும் சரியான வழியே. ஆனால் நடுவில் நிற்கும் குழந்தைக்கு இரண்டுமே அரைகுறை. இரண்டு இடத்து நோட்டுகளையும் பக்கத்தில் வைத்து, ஒரே கணக்கு இரண்டிலும் எந்த வழியில் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குழந்தை நேரடியாக இல்லாவிட்டாலும் அவளைத் தொடும் சூழல்களான மூன்றாவது வட்டத்துக்கும் இப்படித்தான்: பெற்றோரின் வேலை நேரம் மாறியதால் வீட்டுப்பாடம் இரவு ஒன்பதரைக்குத் தள்ளிப்போனது என்பது குறிப்பு. "பெற்றோரின் பணிச்சூழல் பாதிக்கிறது" என்பது இட்டு நிரப்பிய வரி.

கோட்பாடுகள் மோதும்போது

ஒரு கட்டத்தில் பியாஜே "அவளே கையாண்டு கண்டுபிடிக்கட்டும்" என்பார். வைகாட்ஸ்கி "துணையோடு இப்போதே செய்யட்டும்" என்பார். இரண்டையும் ஒரே பத்தியில் இணக்கமாக எழுதிவிட்டுப் போவது ஏமாற்று. முடிவை உதவிப் படிகளின் எண்கள் சொல்லும். எண் இறங்கினால் உதவி வேலை செய்கிறது, தொடரலாம். ஒரு வாரம் ஐந்திலும் ஆறிலுமே கிடந்தால் கணக்கை விட்டுவிட்டுப் பட்டைக்கும் களிமண்ணுக்கும் திரும்ப வேண்டும்.

எதை முதலில் சோதிப்பது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. பார்வை, கேட்கும் திறன், தூக்கம் ஆகியவை முதலில்; பலகையில் உள்ள பின்னக் கோடு கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்கு எந்தக் கோட்பாடும் உதவாது. அடுத்து, ஒரே நாளில் முடியும் நினைவுச் சோதனையும் பட்டைச் சோதனையும். அதற்கடுத்து உதவிப் படிகள். இதற்கு ஒரு வாரம் வேண்டும். தன்மதிப்பு பற்றிய முடிவுகளைக் கடைசியில் எடுங்கள். கருத்துப் பிடிபட்டதும் "எனக்கு வராது" என்பது தானாகவே மறைந்துவிட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்கும் விதம், பாராட்டு, உட்காரும் இடம், வீட்டுப்பாட நேரம் என எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

குறிப்பில் எழுதும் வாக்கியம் இந்த மாதிரி இருக்கட்டும்: "காகிதப் பட்டையில் ஐந்தில் ஐந்து முறையும் சரியாக ஒப்பிட்டாள், எழுதிய பின்னங்களில் ஐந்தில் ஒன்று. எனவே தடை குறியீட்டில் என்று கருதுகிறோம். பட்டையும் குறியீடும் சேர்த்து இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தும் எழுத்தில் மூன்றுக்கு மேல் வரவில்லையென்றால் இந்தக் கருத்தைக் கைவிட வேண்டும்." கோட்பாட்டாளர் பெயர் இதில் இல்லாவிட்டாலும் குறைவில்லை.

சில அறிகுறிகள் தென்பட்டால் இந்த வேலையை அதோடு நிறுத்திவிட்டு உரிய நிபுணரிடம் அனுப்ப வேண்டும்: முன்பு செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, கணக்கோடு எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் வயதுக்குப் பொருந்தாத தடுமாற்றம், பள்ளி போகும் காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி வாரக்கணக்கில் நீடிப்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு. கடைசியில் சொன்னதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது "கண்கூடான சிந்தனை நிலை, தாழ்வு மனப்பான்மை" என்ற முடிவுகளை எழுதி அனுப்பாதீர்கள். அவர் தானே சோதித்துக்கொள்வார். மூன்று பத்திக் கவனிப்புக் குறிப்புகள், படி எண்கள் குறித்த தாள், தவறுகளோடு கூடிய நோட்டுப் பக்கங்களின் நகல், இந்தத் தொந்தரவு எந்த வாரம் தொடங்கியது என்ற விவரம் ஆகிய நான்கையும் கொடுத்தால் அவருக்குப் போதும்.